சினைப்பைப் புற்றுநோய்: முதலில் ஆபரேஷனா, கீமோவா? லேப்ராஸ்கோப்பியில் பார்த்து முடிவெடுப்பது எப்படி

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகுதான் பிடிபடுகிறது. வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்ட உணர்வு, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கி, பல மாதங்கள் கேஸ் மாத்திரையிலேயே ஓடியிருக்கும். ஒருநாள் ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் நீர், சினைப்பையில் கட்டி, குடலுக்கு மேல் தொங்கும் கொழுப்புத் திரையில் தடிப்பு. இரத்தத்தில் சிஏ 125 (இந்த நோயில் கூடும் ஒரு புரதம்) அளவு, இயல்பான 35ஐத் தாண்டி நூற்றுக்கணக்கில் நிற்கும். வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்போது ஆபரேஷன்?"

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆபரேஷன் முதலா, கீமோ முதலா? பல பெண்களுக்கு அதைத் தீர்மானிக்க உதவுவது லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவால் உள்ளே பார்ப்பது. இங்கே அது நோயை அகற்றும் ஆபரேஷன் இல்லை. பார்ப்பதற்கும், பயாப்ஸிக்குத் திசுத்துண்டு எடுப்பதற்கும், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கும் மட்டும்தான். இந்த வித்தியாசம் புரியாததால் "துளை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்களே, கைவிட்டுவிட்டார்களா" என்று பதறும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பதற்றத்தைத் தவிர்க்கவே இதை விரிவாக எழுதுகிறேன். உங்கள் நோயாளியின் உடல்நிலை தெரிந்த டாக்டரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவரிடம் தெளிவாகப் பேச உதவினால் போதும்.

முதலில் அடிப்படை: வரிசை ஏன் முக்கியம்?

இந்தப் புற்றுநோயில் ஆபரேஷனின் இலக்கு, கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்றுகூட உள்ளே மிஞ்சாமல் எடுப்பது. முழுவதும் எடுக்க முடிந்தவர்கள்தான் அதிக காலம் நன்றாக இருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சினால், பெரிய ஆபரேஷனின் வலியும் ஆபத்தும் நோயாளிக்கு வந்து சேரும், பலன் பெரிதாக வராது. மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை கிழித்து, கர்ப்பப்பை, சினைப்பைகள், கொழுப்புத் திரை, சில நேரம் குடலின் ஒரு பகுதி, மண்ணீரல் வரை எடுக்கும் ஆபரேஷன் இது. பாதியில் நின்றால் அந்த உடம்பு தேறி கீமோ தொடங்கவே வாரங்கள் ஆகிவிடும்.

இன்னொரு வழி, முதலில் மூன்று அல்லது நான்கு சுற்று கீமோ கொடுத்து நோயைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்து, மீதிக் கீமோவைத் தொடர்வது. வழக்கமாகக் கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் இரண்டும் 21 நாட்களுக்கு ஒருமுறை. இது இரண்டாந்தரச் சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஆபரேஷன் முதலில் செய்தவர்களின் நடுநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 29 மாதம், கீமோ முதலில் எடுத்தவர்களுக்கு 30 மாதம். 2015இல் வந்த பிரிட்டனின் கோரஸ் ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. ஆனால் இந்த ஆய்வுகளில் ஆபரேஷன் முதலில் செய்தவர்களில் பலருக்கு நோய் முழுமையாக எடுக்கப்படவில்லை என்ற விமர்சனம் உண்டு. தேர்ந்த மையங்களில் மட்டும் நடத்தி 2025இல் முடிவு சொன்ன டிரஸ்ட் ஆய்வில், ஆபரேஷன் முதலில் செய்தவர்களுக்கு நோய் திரும்பும் இடைவெளி சற்று நீண்டது. மொத்த ஆயுளில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

ஆகவே "எல்லோருக்கும் முதலில் ஆபரேஷன்" என்பதும் சரியில்லை, "எல்லோருக்கும் முதலில் கீமோ" என்பதும் சரியில்லை. இவருடைய வயிற்றில் இருக்கும் நோயை முழுவதும் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பதில் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

படி 1: ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்

மார்பு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுப்பார்கள். கல்லீரலுக்குள், நுரையீரலில், பெரிய நிணநீர்க் கட்டிகளில் நோய் இருந்தால் காட்டிக்கொடுப்பது சிடிதான். லேப்ராஸ்கோப்பி கேமராவுக்கு எட்டாத இடங்கள் இவை. ஆனால் சிறுகுடலின் மேற்பரப்பிலும் குடலைத் தாங்கும் சவ்விலும் ரவை தூவியதுபோல் பரவிய பொடிக் கட்டிகள் சிடியில் பெரும்பாலும் தெரியாது. முழுமையான ஆபரேஷனைத் தடுத்து நிறுத்துவதும் பல நேரம் அதே பொடிகள்தான்.

சிஏ 125 உடன், குடல், இரைப்பைப் புற்றில் கூடும் சிஇஏ என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிஏ 125ஐ சிஇஏ அளவால் வகுத்தால் 25க்கு மேல் வருவது சினைப்பை நோயின் பக்கம் சாயும். 25க்குக் கீழே வந்தால், இரைப்பையிலோ பெருங்குடலிலோ தொடங்கி சினைப்பைக்குப் பரவியதா என்று எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி செய்து பார்ப்பது வழக்கம். அப்படியானால் சிகிச்சையே வேறு.

படி 2: யாருக்கு லேப்ராஸ்கோப்பி, யாருக்கு வேண்டாம்

சிடியில் நோய் பரவியிருக்கிறது, முழுவதும் எடுக்க முடியும் போலவும் இருக்கிறது, முடியாது போலவும் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி அதிகம் உதவுவது இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான்.

கல்லீரலுக்குள் பல இடங்களில், நுரையீரலில் பரவலாக நோய் இருப்பது சிடியிலேயே தெளிவாகத் தெரிந்தால் கேமரா விட்டுப் பார்க்கத் தேவையில்லை. வயதும் தளர்ச்சியும் மிகுந்து, படுக்கையிலேயே இருக்கும் ஒருவருக்கு மயக்க மருந்தே ஆபத்தாகலாம். அவர்களுக்கு ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் கொழுப்புத் திரையில் பயாப்ஸி எடுத்து கீமோ தொடங்குவார்கள். பயாப்ஸியும் முடியாதபோது, வயிற்று நீரில் புற்று அணுக்கள் இருப்பதையும் மேலே சொன்ன விகிதத்தையும் சேர்த்து வைத்து முடிவெடுப்பதுண்டு. குடல் அடைப்பு, முன்பு பல ஆபரேஷன்கள் நடந்து குடல் ஒட்டிப்போன வயிறு, இதயமும் நுரையீரலும் பலவீனம் என்றாலும் யோசிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நோய் பரவாமல், சினைப்பையில் மட்டும் ஒரு முழுக் கட்டியாக இருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்று சந்தேகம். இந்த நிலையில் அந்தக் கட்டியை ஊசியால் குத்தி நீர் எடுப்பதோ, துளை வழியே உடைத்து எடுப்பதோ கூடாது. கட்டி ஆபரேஷனில் உடைந்தாலே நோயின் நிலை 1ஏ-யிலிருந்து 1சி-க்கு ஏறிவிடும். தேவையில்லாமல் போயிருக்கக்கூடிய கீமோ தேவைப்படலாம். "சாதாரண நீர்க்கட்டிதான், லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஸ்கேனில் திடப்பகுதி இருக்கிறதா, சிஏ 125 என்ன என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் புற்றுநோய் ஆபரேஷன் பயிற்சி பெற்ற மகளிர் நோய் மருத்துவரிடம் போவதுதான் சரி.

படி 3: ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டியவை

முதல் கேள்வி: இன்றைக்குப் பார்ப்பது மட்டுமா, எடுக்க முடியும் என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் பெரிய ஆபரேஷனையும் செய்துவிடுவீர்களா? இரண்டு முறையும் நடைமுறையில் உண்டு. ஒரே நாளில் முடித்தால் இன்னொரு மயக்க மருந்து மிச்சம். ஆனால் அதற்கு இரத்தம், ஐசியூ படுக்கை, குடல் ஆபரேஷன் செய்யத் தெரிந்த சர்ஜன், ஆறேழு மணி நேரம் தியேட்டர் என எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு மூடி, பயாப்ஸி முடிவு வந்த பிறகு டாக்டர்கள் கூடிப் பேசி நாள் குறித்தால், நோயாளியும் குடும்பமும் தெரிந்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். ஆபத்தில்லாத வரை இரண்டாவது முறையே நல்லது என்பது என் எண்ணம். மயக்கத்தில் இருப்பவர் விழித்தெழும்போது தன் உடம்பில் என்ன எடுத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அதிர்ச்சியாக இருக்கக்கூடாது. கையெழுத்துப் போடும் படிவத்தில் எது எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள்.

குழந்தை பெற விரும்பும் இளம் பெண் என்றால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் போன பிறகு யாரும் கேட்க முடியாது.

இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். இந்த நோயில் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 4: தியேட்டரில் என்ன நடக்கிறது

முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். தொப்புள் அருகிலோ, முன்பு ஆபரேஷன் நடந்த வயிறு என்றால் இடது விலா எலும்புக்குச் சற்றுக் கீழேயோ முதல் துளை. கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்துக் கேமராவை விடுவார்கள். கருவிக்காக இன்னும் ஒன்றிரண்டு சிறு துளைகள். முடிந்தவரை துளைகளை வயிற்றின் நடுக்கோட்டில் போடும் சர்ஜன்கள் உண்டு. துளை போட்ட இடத்தில் சில நேரம் நோய் ஒட்டி வளரும். நடுக்கோட்டில் இருந்தால் பின்னர் பெரிய ஆபரேஷனில் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

உள்ளே போனதும் வயிற்று நீரை உறிஞ்சிப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். பிறகு கண்ணால் பார்ப்பது: உதரவிதானம், கல்லீரலின் மேற்பரப்பு, மண்ணீரல், இரைப்பை, கொழுப்புத் திரை, வயிற்றின் உள் உறை, சிறுகுடல், குடலைத் தாங்கும் சவ்வு, பெருங்குடல், இடுப்புப் பகுதி. சிறுகுடலைக் கருவியால் பிடித்துப் புரட்டிப் பார்ப்பது கட்டாயம். அவசரத்தில் இதைத் தவறவிட்டால் லேப்ராஸ்கோப்பி செய்ததே வீண்.

பிறகு நல்ல அளவுக்கு பயாப்ஸி. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எந்த வகைப் புற்று என்று தெரிந்தால்தான் கீமோ எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும். பெரும்பான்மையான ஹைகிரேட் சீரஸ் வகை கீமோவுக்கு நன்றாகச் சுருங்கும். லோகிரேட் சீரஸ், மியூசினஸ் வகைகள் அவ்வளவாகச் சுருங்காது. அவற்றுக்கு "முதலில் கீமோ கொடுத்துப் பார்க்கலாம்" என்ற வாதம் பலவீனமாகிவிடும், ஆபரேஷனுக்கு முன்னுரிமை கூடும். பிஆர்சிஏ, ஹெச்ஆர்டி என்ற மரபணுப் பரிசோதனைகளுக்கும் போதுமான திசு வேண்டும். பின்னால் ஓலாபரிப் போன்ற மாத்திரை பலன் தருமா என்பதை அவைதான் சொல்லும்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றுக் காசநோயும் இதே முகத்தோடு வரும்: வயிற்றில் நீர், எடை குறைவு, சிஏ 125 நூற்றுக்கணக்கில், உள் உறையில் பொடிப் பொடியாகக் கட்டிகள். ஸ்கேனை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டி, வயிற்றைத் திறந்த பிறகு காசநோய் என்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பல பதிவாகியுள்ளன. கர்ப்பப்பையை எடுக்கத் தேவையே இல்லாத, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் நோய் அது. எனவே சந்தேகம் இருந்தால் பயாப்ஸியில் ஒரு துண்டை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல், சலைனில் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலினில் போட்ட திசுவில் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது.

படி 5: பார்த்ததை மதிப்பெண் ஆக்குவது

"பரவியிருக்கிறது" என்று மொட்டையாகச் சொல்வதில் பயனில்லை. ரோமில் உள்ள ஜெமெல்லி மருத்துவமனையில் அன்னா ஃபகோட்டி குழுவினர் 2006இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஏழு விஷயங்களைப் பார்ப்பது: கொழுப்புத் திரை பலகைபோல் கெட்டிப்பட்டிருக்கிறதா, வயிற்று உள் உறையில் பரவலாக நோய் இருக்கிறதா, உதரவிதானத்தில் பரவலா, குடல் சவ்வு சுருங்கி இழுபட்டிருக்கிறதா, குடலுக்குள் ஊடுருவியிருக்கிறதா, இரைப்பையில் இருக்கிறதா, கல்லீரல் அல்லது மண்ணீரல் மேற்பரப்பில் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் இருந்தால் 2, இல்லையென்றால் 0. மொத்தம் 14.

8ஐ எட்டினால் முழுமையாக எடுப்பது கடினம் என்று அவர்கள் கணித்தார்கள். ஆபரேஷன் திறமை வளர்ந்த பிறகு திருத்திய முறையில் 10 வரை எல்லையை உயர்த்தினார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் இரண்டு சர்ஜன்கள் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் அறியாமல் தனித்தனியாகப் போடுகிறார்கள். 8க்குக் கீழ் என்றால் ஆபரேஷன், 8 அல்லது மேல் என்றால் கீமோ. ஒருவரே பார்த்து ஒருவரே முடிவெடுப்பதைவிட இது நேர்மையான வழி என்று நினைக்கிறேன். எல்லா ஊரிலும் இரண்டாவது நிபுணர் இருக்கமாட்டார். ஆனால் வீடியோவைப் பதிவுசெய்து காட்டுவது எங்கும் முடியும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனாலும் மறுபடி துளை போடாமல் பார்க்கலாம்.

மதிப்பெண் குறைவாக இருந்தாலும் சில விஷயங்கள் ஆபரேஷனைத் தடுத்துவிடும். சிறுகுடலைத் தாங்கும் சவ்வின் அடிவேரில் ஆழமாக ஊடுருவியிருப்பது, சிறுகுடல் முழுக்கப் பரவி, எடுத்தால் ஒன்றரை மீட்டர்கூட மிஞ்சாத நிலை, கணையத்தின் தலையில் பரவுவது போன்றவை. எந்தக் காரணத்தால் முடியாது என்றார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீமோவுக்குப் பிறகு அந்தக் காரணம் போயிருக்கிறதா என்று அப்போதுதான் கேட்க முடியும்.

லேப்ராஸ்கோப்பியின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. கல்லீரலின் பின்பக்கம், இரைப்பைக்குப் பின்னால் உள்ள பை போன்ற இடம், முதுகெலும்போரத்து நிணநீர்க் கட்டிகள். கையால் தொட்டுணரவும் முடியாது. அதனால் "எடுக்க முடியும்" என்ற தீர்ப்பு சில நேரம் தவறிப்போகும்.

இதனால் உண்மையில் என்ன லாபம்?

நெதர்லாந்தில் எட்டு புற்றுநோய் மையங்கள் சேர்ந்து 201 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு முதலில் லேப்ராஸ்கோப்பி, மீதிப்பேருக்கு நேரடியாகப் பெரிய ஆபரேஷன். வயிற்றைத் திறந்தும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நோய் மிஞ்சிவிட்ட வீண் ஆபரேஷன், நேரடியாகத் திறந்த 99 பேரில் 39 பேருக்கு நடந்தது. முதலில் கேமரா விட்டுப் பார்த்த 102 பேரில் 10 பேருக்குத்தான். முதல் ஆபரேஷன் போதாமல் கீமோவுக்குப் பின் இரண்டாவது பெரிய ஆபரேஷனுக்கும் போனவர்கள் நேரடியாகத் திறந்தவர்களில் 28 பேர், கேமரா விட்டுப் பார்த்தவர்களில் 3 பேர்.

இதை ஆயுளைக் கூட்டும் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவையற்ற நீண்ட வெட்டிலிருந்து பல பெண்களைக் காப்பாற்றுகிறது. எனக்கு அதுவே போதுமான காரணமாகத் தெரிகிறது. கடுமையாக நோயுற்ற ஒருவர், பலனில்லாத வெட்டுக்காக ஆஸ்பத்திரியில் கழிக்கும் வாரங்கள் அவருடைய வாழ்நாளிலிருந்து போகின்றன.

மதிப்பெண் அதிகம் வந்தவர்களுக்கும் விடாப்பிடியாக முதலில் ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும் என்றும் ரோம் குழுவினரே ஸ்கார்பியன் என்ற ஆய்வில் பார்த்தார்கள். 8 முதல் 12 வரை மதிப்பெண் வந்த 171 பெண்கள். நடுநிலை ஆயுள் ஆபரேஷன் முதலில் செய்தவர்களுக்கு 41 மாதம், கீமோ முதலில் எடுத்தவர்களுக்கு 43. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் கடும் சிக்கல்கள் முதல் குழுவில் 25.9 சதவீதம், இரண்டாவது குழுவில் 7.6 சதவீதம்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

பார்ப்பதற்கு மட்டுமான லேப்ராஸ்கோப்பி என்றால் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயு காரணமாகத் தோள்பட்டையில் வலி வரும், பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் போய்விடும். வயிற்றில் நீர் இருந்தவர்களுக்குத் துளை வழியே அது கசிவது சகஜம். துணி நனைந்துகொண்டே இருந்தால் போய்க் காட்டுங்கள், கூடுதலாக ஒரு தையல் போடுவார்கள். காய்ச்சல், நேரமாக ஆகக் கூடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிறு துளைகள் என்பதால் கீமோவுக்கு நெடுநாள் காத்திருக்கத் தேவையில்லை. பயாப்ஸி முடிவு வந்தால் சீக்கிரமே தொடங்கிவிடலாம். இந்த இடைவெளியில் உடம்பைத் தேற்றுங்கள்: முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேருங்கள், வயிறு நிறைந்த உணர்வு இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

படி 7: கீமோ முதலில் என்று முடிவானால்

மூன்று சுற்று முடிந்ததும் மறுபடி சிடி, சிஏ 125. சிஏ 125 அளவு வேகமாகக் குறைந்தால் அது நல்ல அறிகுறி. அதை வைத்து, ஆபரேஷனுக்குப் போகும் நேரம் வந்துவிட்டதா என்று டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள். சந்தேகமிருந்தால் சில மையங்களில் இன்னொரு முறை லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டே பெரிய ஆபரேஷனில் இறங்குகிறார்கள்.

அந்த நாளில் முதல் லேப்ராஸ்கோப்பியின் அறிக்கை, வீடியோ, மதிப்பெண், எந்த இடத்தால் முடியாது என்றார்களோ அந்தக் குறிப்பு, பயாப்ஸி அறிக்கை, பயாப்ஸி கட்டைகள் (திசுவை மெழுகில் பதித்து வைத்தவை), மரபணுப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆறாவது சுற்று வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால், ஏன் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று நான்கு சுற்றுக்குப் பின் ஆபரேஷன் செய்வதுதான் வழக்கம். அதைவிடத் தாமதமாக்கக் காரணம் இருக்கலாம், அந்தக் காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.